புகார் இல்லாத வண்டி

"கொஞ்சம் காலை ஆட்டாம உக்காருங்க சார். பெஞ்சு மொத்தமும் ஆடுது" என்று வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் மறுபடியும் சொன்னார்.

எஞ்சினியர் காலை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் அது தன்பாட்டுக்கு மறுபடி ஆட ஆரம்பித்தது. அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்ட காலமே கிடையாது. வேன் ஓட்டியபோது பிரேக்கும் க்ளட்சும் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் விரல்கள் ஓடும், கால் சமர்த்தாக இருக்கும். இந்த மாலை வகுப்பில் காலுக்கும் வேலையில்லை, விரலுக்கும் வேலையில்லை. முதல் பருவம் முழுக்கக் காகிதமும் பென்சிலும்தான், கம்ப்யூட்டர் கிடையாது என்று பாடம் எடுக்கும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். ப்ரோக்ராம் எழுதச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கிடையாதாம்! நீச்சல் பழகலாம் வா என்று கூப்பிட்டு, தரையில் குப்புறப் படுக்கவைத்துக் கையைக் காலை அடிக்கச் சொல்வதுபோல இருந்தது அவனுக்கு. வாரக்கணக்கில் அடித்துப் பார்த்துவிட்டான், எரிச்சல்தான் மிச்சம்.

அவன் உண்மையில் எஞ்சினியர் இல்லை. இல்லாததால்தான் அந்தப் பெயர். ஆஸ்பத்திரி வேன் டிரைவர்கள் வைத்தது. டயாலிசிஸ் முடிந்த நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடும் வேன்களில் ஒன்றை அவன் பல வருஷம் ஓட்டினான். அவர்கள் உள்ளே படுத்திருக்கிற நேரமெல்லாம் டிரைவர்களுக்குக் காத்திருப்புதான். மற்றவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள், ஊர்வம்பு பேசினார்கள். இவன் ஸ்டியரிங்கில் ஒரு பழைய லேப்டாப்பைச் சாய்த்துவைத்து, வீடியோ பார்த்தே ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டான். எழுதுவான், ஓட்டிப் பார்ப்பான், திரையில் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். எங்கே விழுந்ததோ அங்கே போய் மாற்றுவான், மறுபடி ஓட்டுவான். திட்டு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதைத் தவிர அவனுக்கு வேறு வாத்தியார் கிடையாது.

அப்படி எழுதியதுதான் வண்டி ப்ரோக்ராம். எந்த வேனில் யார் ஏறுவது, ஏறியவர்களில் யாரை முதலில் இறக்குவது, யாரை அடுத்து என்பதை அது சொல்லும். அதற்கு முன்னால் அதை டிரைவர்கள் முடிவு செய்தார்கள், தினமும் ரகளைதான். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும், குமட்டும், வீட்டுக் கட்டிலில் போய் விழுந்தால் போதும் என்றிருக்கும். என் வீட்டைத் தாண்டி ஏன் போகிறாய் என்று கத்தாமல் என்ன செய்வார்கள்? மேனேஜர் இவனைக் கூப்பிட்டு, "என்னமோ எழுதறேங்கறியே, இதுக்கு ஒண்ணு எழுதேன்" என்றார். எழுதினான். டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து வந்து மாடியில் ஒரு சின்ன அறையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தான். கதவில் கண்ட்ரோல் ரூம் என்று எழுதி ஒட்டினார்கள். போன ஒரு வருஷமாக அந்த அறைக்கு ஒரு புகார்கூட வரவில்லை.

இப்போது தலைமை அலுவலகத்துக்குத் திடீர் ஞானோதயம். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே ப்ரோக்ராமை வெளியிலிருந்து வாங்கப்போகிறார்களாம், பட்டம் வாங்கியவர்கள் எழுதியதாம். மேனேஜர்தான் இவனுக்காக மல்லுக்கட்டினார். எங்க ஆளும் படிச்சிட்டுதான் இருக்கார், ஒரு வருஷமா புகாரே கிடையாது, நேர்ல வந்து பாருங்க என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாக இவனை இந்த வகுப்பில் சேர்த்துவிட்டார். வியாழக்கிழமை அவர்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் ப்ரோக்ராமும் இருக்கும், இவனும் இருப்பான். இல்லையென்றால் மறுபடி வேன் சாவி. வண்டி ஓட்டுவது கேவலமில்லை, அது அவனுக்கும் தெரியும். ஆனால் தான் எழுதியது திரையில் ஓட, கீழே வேன்கள் அதன்படி ஒவ்வொன்றாகக் கிளம்புவதை ஜன்னலிலிருந்து பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்துகொள்ளும். அது இல்லாமல் இனி இருக்க முடியாது. 

மேடம் அவனைவிட வயதில் சின்னவர். கையெல்லாம் சாக்பீஸ் தூள். அவரவர் எழுதிய ப்ரோக்ராம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வாய்ப்பாடு, வட்டத்தின் பரப்பு என்று பிள்ளை விளையாட்டாகக் கொண்டுவந்திருக்க, எஞ்சினியர் வண்டி ப்ரோக்ராமின் நடுப்பகுதியைக் கொண்டுவந்திருந்தான். பாடத்துக்காக இல்லை. இந்தக் காகிதப் பள்ளிக்கூடத்துக்கு நிஜமாக ஓடுகிற சரக்கு எப்படியிருக்கும் என்று காட்டவேண்டும், அவ்வளவுதான்.

"இது எப்படி ஓடுது சார்?" என்றார் மேடம், தாளைப் பார்த்தபடி.

"நல்லா ஓடுது மேடம். தினமும் அத்தனை வேனும் இதை வெச்சுதான் போகுது."

"நல்லா ஓடுதுங்கறீங்க, சரி. எப்படி ஓடுதுன்னுதானே கேட்டேன்?"

வகுப்பு சிரித்தது. அவன் காது சூடாயிற்று. மேடம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளை வேன் சீட்டுகள்போல வரிசையாகப் போடச் சொன்னார். வகுப்பின் சுவர்களில் அங்கங்கே சாக்பீஸால் பெயர் எழுதி, இது உங்க வீடு, அது உங்க வீடு என்றார். கதவுதான் ஆஸ்பத்திரி. பேக்கரிக்காரருக்குத் தூரத்து மூலையில் வீடு. கதவுக்குப் பக்கத்திலேயே இருந்த வீடு தூக்கத்துரைக்கு. அவர் ஒரு கிடங்கின் இரவுக் காவல்காரர், வகுப்பில் எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் தூங்கிவிடுவார், அதனால் அந்தப் பட்டம்.

"நான்தான் கம்ப்யூட்டர்" என்றார் மேடம். "எனக்குன்னு புத்தி கிடையாது. சார் எழுதினதை ஒரு வரி விடாம செய்வேன். நீங்கல்லாம் நோயாளிங்க. வீடு சேர லேட்டாகுதுன்னு தோணுச்சுன்னா தாராளமா கத்துங்க. சார், இந்த இடத்துல என்னமோ புள்ளின்னு இருக்கே, அது என்ன?"

எஞ்சினியருக்கே அது மறந்துபோயிருந்தது. "அதுவா? லேட்டுன்னு யாராவது ஃபோன் பண்ணா அவங்க பேர்ல ஒரு புள்ளி ஏறும். புள்ளி அதிகம் இருக்கறவங்களை முன்னாடி இறக்கிவிடும். புள்ளி சமமா இருந்தா, கிட்ட இருக்கற வீடு முதல்ல."

ஆரம்பத்தில் ஒரு நாள் ஃபோன் ஓயாமல் அடித்து அவன் உயிரை எடுத்தது. அன்றைக்கு ஒரே மூச்சில் எழுதிச் சேர்த்தது அது. சேர்த்த கொஞ்ச நாளில் ஃபோன்கள் குறைந்தன, அப்புறம் நின்றே போயின. மேனேஜர் தோளில் தட்டினார். அதோடு அந்த வரிகளை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? அங்கிருந்து திட்டு எதுவும் வரவில்லையே.

முதல் சுற்றில் தூக்கத்துரைதான் முதலில் இறங்கினார். அவரை எழுப்பிச் சுவரோரம் நிற்கவைக்க வேண்டியிருந்தது. கடைசியில் இறங்கிய பேக்கரிக்காரர், "என்னய்யா அநியாயம் இது? ஊரையெல்லாம் சுத்திட்டு என்னை இப்பதான் விடறீங்களா?" என்று பாத்திரமாகவே மாறிவிட்டார். மேடம் அவர் பெயருக்கு ஒரு புள்ளி வைத்தார். அடுத்த சுற்றில் அவர் முதலில் இறங்க, நடுவில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவர்களுக்கும் புள்ளி. சுற்று போகப் போக வகுப்புக்கே உற்சாகம் வந்துவிட்டது. கத்துவதற்கு அனுமதி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மேடம் மட்டும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தாளைப் பார்ப்பதும், பெயரைச் சொல்வதும், ஆளை இறக்குவதுமாக நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கிவிட்டது. கத்தவேண்டியவர்கள் எல்லோரும் இறங்கும் வரிசையில் அவரவருக்குப் போதுமான இடத்துக்கு முன்னேறிவிட்டார்கள். புகார் ஏதும் இல்லை. எஞ்சினியர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்த தூக்கத்துரை கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். "இன்னும் என் வீடு வரலையா?" என்றார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் வீடு அவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் போனார்கள். எஞ்சினியரும் சிரித்தான், ஆனால் பாதியில் அது நின்றுவிட்டது.

"இவர் எப்ப சார் முதல்ல இறங்குவார்?" என்றார் மேடம்.

"கத்தினா இறங்குவார் மேடம்."

"கத்தலைன்னா?"

அவன் தாளைப் பார்த்தான். தன் கையெழுத்துதான். ஒவ்வொரு வரியாகப் பென்சிலை வைத்துக்கொண்டே போனான். எந்த வரியிலும் தூக்கத்துரைக்கு வழி இருக்கவில்லை. இத்தனை நாளாக ஆயிரம் தடவை ஓடிய ப்ரோக்ராம், ஒரு தடவைகூடச் சிவப்பு எழுத்துக் காட்டாத ப்ரோக்ராம். எங்கே திட்டு விழுகிறதோ அங்கே போய்ச் சரிசெய்துதான் அவனுக்குப் பழக்கம். வாயைத் திறக்காத தப்பு ஒன்று இருக்கும், அதைத் தேடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான். கால் தடதடவென்று ஆடியது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மேடத்தை நிறுத்தினான். "அந்தப் புள்ளியை எடுத்துடறது ஒண்ணும் பெரிய வேலையில்ல மேடம். ஆனா எடுத்தா, இத்தனை நாள் முன்னாடி இறங்கினவங்க பின்னாடி போயிடுவாங்க. அத்தனை பேரும் ஃபோன் பண்ணுவாங்க. வியாழக்கிழமை ஆள் வர்றாங்க. என்ன பண்றது?"

மேடம் யோசித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. "அது எனக்குத் தெரியாது சார். உண்மையைச் சொல்லிடறேன். நான் எழுதின எதுக்கும் இதுவரைக்கும் யாரும் ஃபோன் பண்ணதில்ல." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துணிக்கடையில் கல்லாவில் நின்று வருகிறவள், வந்ததும் காலை நீட்டிவிட்டால் எழுந்திருக்கமாட்டாள். அவன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே முழுக்கதையையும் சொன்னான்.

"நடக்காதீங்க, பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள். "இப்ப என்ன? வியாழக்கிழமை போகட்டும். வெள்ளிக்கிழமை மாத்திக்கங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாரோ ஒருத்தங்க இத்தனை நாளா ஊர் சுத்திட்டு இருந்திருக்காங்கடி."

"இத்தனை நாள் சுத்தினவங்க இன்னும் ரெண்டு நாள் சுத்தினா குறைஞ்சா போயிடுவாங்க?" சொல்லிவிட்டு அவளே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நான் சொல்றதைச் சொல்லிட்டேன். டிரைவர் பொண்டாட்டியா இருக்கறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. உங்களுக்குத்தான் அது ஆகாது. அந்த ரூமுக்குப் போனதுக்கப்புறம்தான் நீங்க நிம்மதியாத் தூங்கறீங்க, நான் பாக்கறேன்ல?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலையில் டிரைவர்கள் நிற்கும் இடத்துக்குப் போனான். மூத்த டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க வண்டியில எப்பவும் கடைசியா இறங்கறது யாரு?"

"யாரு, அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் அம்மாதான்."

"வீடு எங்க? ரொம்பத் தூரமா?"

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தூரமா? நம்ம பின் கேட்டுக்கு வெளிய, தண்ணித் தொட்டியை ஒட்டின ஓட்டு வீடு. உன் ரூம் ஜன்னல்ல நின்னா தெரியுமேய்யா."

"கிட்ட இருக்கற வீட்டுக்குக் கடைசியாத்தான் போறோம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன் சொல்லல? போன வழியாவே திரும்பி வர்றோம், டீசல் வீணாகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! கம்ப்யூட்டர் சொல்லுது, கம்ப்யூட்டர் சொல்லுதுன்னே. அதுக்கப்புறம் நான் எதுக்கு வாயைக் கொடுக்கறேன்? அந்தம்மாவும் இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல. ஜன்னல் பக்கம் சாஞ்சு கண்ணை மூடிக்கும்."

அவனுக்கு அந்தப் பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. டிரைவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. தானே டிரைவராக இருந்தவன் அப்படி நினைத்திருக்கிறான்.

மதியம் ஜன்னலில் நின்று பார்த்தான். நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து வேனில் ஏறினார்கள். சாம்பல் ஸ்வெட்டர் அம்மா கடைசியாக வந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு. எல்லோரும் ஏறும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, யாரும் சொல்லாமலே கடைசி சீட்டுக்குப் போய், பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்துக் கண்ணாடியில் சாய்த்துவைத்துக்கொண்டார். நெடும்பயணம் போகிற ஆளின் ஏற்பாடு அது. வேன் கிளம்பி, பின் கேட் பக்கம் திரும்பாமல் முன் கேட் வழியாகப் பெரிய ரோட்டுக்குப் போனது. ஜன்னலுக்கு நேர் எதிரே, மரத்துக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டு ஓடுகள் தெரிந்தன. சாயங்காலம் வெயில் சாயும் நேரத்தில்தான் வேன் அந்த வீட்டு வாசலில் நின்றது. அதுவரை அவன் நாற்காலியில் உட்காரவே இல்லை.

அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பயம்தான், வேறென்ன. புதன்கிழமை முழுக்க மேனேஜர் அறையைக் கூட்டச் சொன்னார், ஒயர்களைச் சுருட்டி மறைக்கச் சொன்னார், ஒரு பூந்தொட்டிகூட வாங்கிவைத்தார். "புகாரே இல்லாத கிளை நம்மளுது மட்டும்தான்யா. இதுக்கு மேல என்ன பட்டம் வேணும்?" என்று அவன் முதுகில் தட்டினார். அவன் சிரித்துவைத்தான். மனசாட்சி என்று ஒன்று இருந்துதொலைக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை அந்த அம்மாவுக்கு மறுபடி டயாலிசிஸ் நாள். மதியம் வேன் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க எஞ்சினியரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இன்னும் ரெண்டு நாள் என்று மனைவி சொன்னது காதிலேயே இருந்தது, அதில் செவ்வாய் போய் இன்றைக்கு மட்டும்தான் மிச்சம். ஒரு நாள்தான். நாளைக்கு வேறு ஏதாவது வரும், அப்போதும் ஒரு நாள்தான் இருக்கும். கீழே அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் ஏறக் காத்திருந்தார். பையிலிருந்து தலையணையின் ஓரம் எட்டிப்பார்த்தது.

உட்கார்ந்தான். அந்த வரிகளைத் திறந்தான். புள்ளிகளை எடுத்தான், கிட்ட இருக்கும் வீடு முதலில் என்பதை மட்டும் விட்டுவைத்தான். பழக்கதோஷத்தில் ஓட்டிப் பார்க்கப் போன விரலை நிறுத்தி, ஒரு தாளை இழுத்து, பென்சிலால் ஒவ்வொரு பெயராக நடத்திப் பார்த்தான். வேனிலிருந்த ஒவ்வொருவரும் இறங்கினார்கள். முதல் பெயர் அந்த அம்மாவுடையது. அப்புறம்தான் பட்டனை அழுத்தினான். கீழே மூத்த டிரைவர் வேனில் வரிசை காட்டும் திரையைப் பார்த்து, நம்பாமல் கண்ணைக் கசக்கி, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். வேன் பின் கேட் பக்கம் திரும்பியது. எஞ்சினியருக்கு அழவேண்டும்போல இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணியும் ஒரு கண்ணாடிக்காரரும் வந்தார்கள். மேனேஜர் பூந்தொட்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு ஆரம்பித்தார். "நம்ம ரூம்ல ஃபோன் அடிச்சு ஒரு வருஷமாகுது மேடம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, ஃபோன் அடித்தது.

"என்ன நினைச்சிட்டிருக்கீங்க? என்னை எப்பவும் முதல்ல விடுவீங்க, இன்னைக்கு எங்கெங்கேயோ போறாரு உங்க டிரைவர்!"

மன்னிப்புக் கேட்டு வைத்தான். உடனே அடுத்தது. அப்புறம் அடுத்தது. மேனேஜரின் முகம் வெளிறி, சிவந்து, மறுபடி வெளிறியது. கண்ணாடிக்காரர் தன் ஃபோனில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்றார் பெண்மணி.

"இல்ல மேடம், இன்னைக்கு என்னமோ..." என்று மேனேஜர் இழுத்தார்.

"நான்தான் மாத்தினேன் மேடம்" என்றான் எஞ்சினியர். "மதியம்தான். பழசுல ஒரு தப்பு இருந்தது."

"புகாரே வராததுல என்ன தப்பு?"

அவன் சொல்ல வாயெடுத்தபோது ஃபோன் மறுபடி அடித்தது. மேனேஜர் எடுக்காதே என்று கண்ணைக் காட்டினார். எடுத்தான்.

"கண்ட்ரோல் ரூமுங்களா?" மெல்லிய குரல். இதுவரை அந்த அறைக்கு வராத குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க. லேட்டாயிடுச்சா?"

"இல்லீங்க. சீக்கிரமா வந்துட்டேன். அதான் என்ன பண்றதுன்னு தெரியல." ஒரு மூச்சு விட்டுக்கொண்டு குரல் தொடர்ந்தது. "வீடு பூட்டியிருக்கு. நான் வர்ற நேரத்துக்குத்தான் பையன் வேலையிலேர்ந்து வருவான். அதனால சாவி எடுத்துட்டுப் போறதை விட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டி மறுபடி இந்தப் பக்கம் வருமா? வந்தா ஏறிக்கறேன். எப்பவும்போல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

 ப்ரோக்ராமை மாற்றியாயிற்று. அந்த வீடு பழைய ப்ரோக்ராமிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அது எந்தத் தாளிலும் இல்லை.

"எங்க உக்காந்திருக்கீங்க?"

"வாசப்படியிலதான்."

"அங்கேயே இருங்கம்மா. வர்றேன்."

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். தன் நாற்காலியின் மெத்தையை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டான். "யோவ், எங்க போற?" என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பின்னால் ஃபோன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவன் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி, பின் கேட்டைத் தாண்டி ஓடினான். இத்தனை நாள் வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு போன வீட்டுக்கு ஓடினால் இரைக்கக்கூட இல்லை.

அந்த அம்மா படியில் ஒருக்களித்து உட்கார்ந்து, பூட்டிய கதவில் தலையணையை வைத்துச் சாய்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மெத்தையை முதுகுக்குக் கொடுத்தான், தண்ணீரை நீட்டினான். ஒரு மடக்குதான் குடித்தார், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் அதற்கு மேல் குடிக்கக் கூடாதாம். அது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தான்.

"மகனுக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"பண்ணேன். கிளம்பறேன்னான். அவன் வர்றதுக்கு நேரமாகும்." அவனை நிதானமாகப் பார்த்தார். "நீங்க டிரைவரா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். "ஆமாம்மா" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தான். "இத்தனை நாளா உங்களைக் கடைசியா இறக்கிவிட்டது..."

"ஆரம்பத்துல முதல்லதான் இறங்கிட்டிருந்தேன்" என்றார் அவர், கண்ணை மூடியபடி. "அப்புறம் மாறிடுச்சு. கேட்டதுக்கு, கம்ப்யூட்டர் போடற வரிசைன்னு டிரைவர் சொன்னார். படிச்சவங்க யோசிச்சுப் போட்டது, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். நமக்கு என்ன தெரியும்?"

 எதிரே மரத்துக்கு மேலே ஆஸ்பத்திரி மாடி தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் அவன் அறையின் ஜன்னல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அதில் மூன்று தலைகள். ஒரு தலை குனிந்து, அவனுடைய நாற்காலி இருக்கும் இடத்தில் தாழ்ந்து உட்கார்ந்தது. யார் என்று தெரியவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த கைபேசி அதிர்ந்து ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. மேனேஜராக இருக்கும். எழுந்து ஓடிப்போய் விளக்கிச் சொன்னால் இன்னும் ஏதாவது மிஞ்சுமா? எழுந்தால் இந்த அம்மாவைச் சாய்த்துப் பிடிக்க யாருமில்லை. மகன் வருகிறானா என்று தெருமுனையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி தெருமுனையைப் பார்த்தான்.

"தம்பி" என்றார் அந்த அம்மா.

"சொல்லுங்கம்மா."

"கால ஆட்டாதீங்க. படி அதிருது, எனக்குத் தலை சுத்துது."

அவன் இரண்டு கைகளாலும் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.